மூக்கில்லாத பலகை

ஜூன் மாதத்து அதிகாலை, சென்னைக்குத் தெற்கே கோவளம். தரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் மெல்ல வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று இருக்கும்வரை தண்ணீர் எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருக்கும். வெயில் ஏறி, கடற்காற்று திரும்பிவிட்டால் எல்லாம் கலைந்துவிடும். அலை முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே. ஆறடி இரண்டு அங்குல சர்ஃப் பலகைமேல் குப்புறப் படுத்து, தோள் வலிக்க வலிக்கத் துழாவி, ஐந்தாவது அலையையும் கோட்டைவிட்டேன். அலை எனக்கு அடியில் புகுந்து, பலகையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கீழே வைத்துவிட்டுப் போனது.

அதே அலையில், எனக்குப் பத்தடி தள்ளி, ஒரு பையன் போனான். பத்துப் பதினோரு வயசு இருக்கும். அவனிடம் இருந்தது பலகையே இல்லை, ஏதோ ஒரு பழைய ஃபைபர் போட்டின் ஐஸ் பெட்டி மூடி. மூன்றடி நீளம், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், நான்கு மூலையும் தேய்ந்து உருண்டுபோய், அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரித் தட்டை. வயிற்றை அதன்மேல் வைத்து, காலால் மணலை ஓர் உதை உதைத்தான். கரைவரை போய் மணலில் உரசி நின்றான். திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

என் பலகை ஒன்றும் மட்டமான சரக்கு இல்லை. ஊருக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வாங்கியது. பத்தொன்பது அங்குல அகலம், கூரான மூக்கு, வாழைப்பழம் மாதிரி முன்னும் பின்னும் மேலே வளைந்த உடல். வீடியோக்களில் ஆளுயர அலையைக் கிழித்துக்கொண்டு போகிறார்களே, அந்த வகை. பிரச்சினை பலகையில் இல்லை, என்னிடமும் (முழுக்க) இல்லை. அந்தப் பலகை எந்த அலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த அலை வருடத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் இந்த முழங்கால் அலைதான்.

அன்று சாயங்காலம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட பௌதிகம்தான், பயப்பட வேண்டாம்.

ஓர் அலை தன் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வரும்போது உடைகிறது. ஆழம் குறைந்த தண்ணீரில் அலை எவ்வளவு வேகமாக நகரும் என்பதை அந்த ஆழம்தான் முடிவு செய்கிறது. ஆழத்தை மீட்டரில் எடுத்து, 9.8 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வந்துவிடும். முக்கால் மீட்டர் அலை ஒரு மீட்டர் ஆழத்தில் உடையும். அதன் வேகம் நொடிக்கு 3.1 மீட்டர், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். சைக்கிளை மெதுவாக மிதிக்கிற வேகம். இரண்டு மீட்டர் அலை 2.6 மீட்டர் ஆழத்தில் உடையும். அது மணிக்கு 18 கிலோமீட்டர்.

பதினொன்றுக்கும் பதினெட்டுக்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் பலகையைத் தண்ணீர்மேல் தூக்கிப் பிடிக்கிற விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 11-ஐயும் 18-ஐயும் வர்க்கப்படுத்தி வகுத்தால் 0.37. அதே பலகை, அதே சாய்வு, அதே ஆள். சின்ன அலையில் கிடைக்கிற தூக்கு பெரிய அலையில் கிடைப்பதில் நாற்பது சதவீதம்கூட இல்லை. (அலைமேல் குறுக்காக ஓடும்போது பலகையின் வேகம் இதைவிடக் கூடும். ஆனால் அலை நம்மை ஏற்றிக்கொள்ளுமா, விட்டுவிட்டுப் போகுமா என்பது முடிவாகிற முதல் இரண்டு நொடியில் இந்தக் கணக்குதான்.)

இதைப் பார்த்து நான் எடுத்த முடிவு தப்பு. தூக்கு குறைவாகக் கிடைக்கிறது, அப்படியென்றால் பலகை இன்னும் நன்றாக மிதக்க வேண்டும், அதாவது தடியாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் என் மூளை.

முதல் பலகையைச் செய்தேன். ஐந்தடி பத்து அங்குல நீளம், இருபது அங்குல அகலம், தடிமன் மூன்று அங்குலம். உள்ளே அடைபட்ட கன அளவு நாற்பது லிட்டர் வரும். என் எடை 78 கிலோ. பழைய பலகை முப்பது லிட்டர்தான். வளைவை மட்டும் மாற்றவில்லை. பழைய பலகையைத் தரையில் வைத்து, மூக்கு தரையிலிருந்து ஐந்து அங்குலம், வால் இரண்டரை அங்குலம் என்று அளந்து, அதையே இதற்கும் இழைத்தேன். நல்ல பலகையில் இருக்கிற வளைவுதானே, எதற்கு மாற்றணும்?

செய்வதற்குள் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பேக்கிங்குக்கு விற்கிற பெரிய தெர்மோகோல் கட்டியை வாங்கி மாடியில் போட்டிருந்தேன். ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப்போடுகிற பட்டறை கோவளத்துக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் போட்டுகள் வந்து குவிந்து, கட்டுமரங்கள் குறைந்துபோன கரை இது. அதனால் ரெசின், கண்ணாடி நார், பிரஷ் எல்லாமே பலசரக்கு மாதிரி கிடைக்கும். பட்டறைக்கார அண்ணன் ஒரு டப்பா பாலியஸ்டர் ரெசினை எடுத்துக் கொடுத்து, "எதுக்கு?" என்றார். சும்மா ஒரு வேலைக்கு என்றேன். சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நல்லவேளை, வெட்டி விழுந்த துண்டு ஒன்றில் முதலில் தடவிப் பார்த்தேன். சூடான கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு சத்தம். என் கண்ணெதிரே தெர்மோகோல் குழிந்து, உள்வாங்கி, பஞ்சுமிட்டாய் வாயில் கரைவதுபோல இல்லாமல் போய்விட்டது. பிரஷ் மட்டும் ஒரு பிசுபிசுப்பில் நின்றது. பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. தெர்மோகோல் என்பதே பாலிஸ்டைரீன். ஒன்று மற்றொன்றைக் கரைத்துக் குடித்துவிடும். தெர்மோகோலுக்கு எபாக்சி என்கிற வேறு வகை ரெசின்தான் சரி. விலை கூடுதல்.

அப்புறம் படித்தபோது ஒரு சின்ன ஆறுதல் கிடைத்தது. கலிபோர்னியாவில் 1940-களின் கடைசியில் பாப் சிம்மன்ஸ் என்பவர் பலகைக்குள் இதே மாதிரி நுரையை வைத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கும் இதே ரெசின் தொல்லை. அவர் நுரையை அப்படியே விடாமல், மேலும் கீழும் ப்ளைவுட், ஓரத்தில் பால்சா மரம் என்று மூடி ஒட்டி, அதன்மேல் கண்ணாடி நார் போட்டார். சாண்ட்விச் மாதிரி. கால்டெக் என்கிற பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்த மனிதர்; இருந்தும் அவருக்கும் மாடியில் பிரஷ் ஒட்டிக்கொண்ட தருணம் ஒன்று இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

சரி, எபாக்சி வாங்கி முதல் பலகையை முடித்தேன். கடலில் போட்டேன். மிதந்தது. ஆஹா, என்ன மிதப்பு! அதன்மேல் உட்கார்ந்து டீ குடிக்கலாம். துழாவுவதும் சுகம். அலை வந்தது, எழுந்தேன், பலகை அலையின் முன்னால் தண்ணீரைக் குவித்துத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தது, நின்றது. அடுத்த அலையிலும் அதே. திருப்பலாம் என்று காலை அழுத்தினால் தடித்த ஓரம் தண்ணீருக்குள் இறங்கவே மாட்டேன் என்றது. வாளியில் தேங்காயை அமுக்கியதுபோலத் துள்ளி மேலே வந்தது.

கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பட்டறைக்கார அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இன்னா தம்பி, புல்டோசர் மாரி தண்ணிய தள்ளிக்கினு வர்ற?"

"மிதக்குதுண்ணே. ஆனா ஓட மாட்டேங்குது."

அவர் பலகையைத் திருப்பிப் போட்டு, அடியில் கையை வைத்து முன்னாலிருந்து பின்னால் தடவினார். "மெதக்கறது வேற, ஓடறது வேற. அணியத்த இவ்ளோ தூக்கி வச்சிக்கீறியே, இன்னாத்துக்கு? அணியம் தூக்கறது பெரிய கடலுக்கு. கவுந்துடக் கூடாதுன்னு. இந்தத் தண்ணிக்கு எதுக்கு?"

அணியம் என்றால் படகின் முன்பகுதி. பின்பகுதி கடையால். என்னோடு சர்ஃபிங் செய்கிற நண்பர்கள் ஆறு மாதமாகச் சொல்லாததை, வாழ்நாளில் சர்ஃப் பலகைமேல் ஏறாத மனிதர் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். வளைந்த அடிப்பாகம் செங்குத்தான அலைச் சுவரில் இறங்கும்போது மூக்கு குத்தாமல் காப்பாற்றும். சுவரே இல்லாத சின்ன அலையில் அந்த வளைவு வேறு வேலை செய்கிறது. மேலே தூக்கிய மூக்கு முன்னால் ஒரு சரிவாக நின்று தண்ணீரைத் தள்ளுகிறது. பின்னால் வளைந்த வாலைத் தண்ணீர் கீழே இழுக்கிறது. வால் அமிழ, மூக்கு இன்னும் தூக்க, இன்னும் தள்ள.

மிதக்கிற பலகை தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கிக்கொண்டுதான் நகர முடியும். நகர்கிறபோது முன்னால் ஒரு சின்ன அலையைத் தானே எழுப்பும். ஐந்தரை அடிப் பொருளுக்கு அந்தத் தடையின் எல்லை மணிக்கு ஆறு கிலோமீட்டர் வாக்கில் வந்துவிடும். அதைத் தாண்ட வேண்டுமானால் தான் எழுப்பிய அலைமேல் தானே ஏறி, தண்ணீரை விலக்குவதை விட்டுவிட்டு, அதன்மேல் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடுகிறோமே, அதுதான். சில்லு கனம் குறைவாக இருப்பதால் ஓடுவதில்லை. தட்டையாக இருப்பதால் ஓடுகிறது. அதே எடையுள்ள உருண்டைக் கல் முதல் தட்டிலேயே மூழ்கும். என் முதல் பலகை நாற்பது லிட்டர் உருண்டைக் கல்.

இதே பரப்பளவைக் குட்டையாகவும் அகலமாகவும் வைப்பதா, நீளமாகவும் ஒடுக்கமாகவும் வைப்பதா? வழுக்குகிற பரப்புக்கு அகலம்தான் லாபம். கழுகின் இறக்கை பக்கவாட்டில் நீண்டிருப்பதற்கும் இதற்கும் ஒரே காரணம்: முன்விளிம்பு அகலமாக இருந்தால் அதிகமான தண்ணீர் ஒரே நேரத்தில் அடியில் மாட்டிக்கொண்டு தூக்குகிறது. ஒடுக்கமான பலகையில் அது இரண்டு பக்கமும் வழிந்து தப்பித்துவிடும். வேகப் படகுகளின் அடிப்பாகம் பற்றி லின்ட்சே லார்ட் என்பவர் 1946-ல் ஒரு நூல் வெளியிட்டார். சிம்மன்ஸ் அதைக் கரைத்துக் குடித்துத்தான் அகலமான வாலும், தட்டையான பின்பாதியும், இரண்டு ஃபின்னும் (வாலுக்கு அடியில் நிற்கிற மீன்துடுப்பு மாதிரியான தகடு) கொண்ட பலகைகளைச் செய்தார். அவை பத்தடிப் பலகைகள். 1954-ல் சான் டியேகோ பக்கத்து விண்டன்சீயில் அலையிலேயே அவர் இறந்துபோனார். வயசு 35. அரை நூற்றாண்டு கழித்து, 2006 வாக்கில், அதே ஊர்க்காரர்கள் அவருடைய வாலையும் அடியையும் எடுத்து ஐந்தடி, ஐந்தரை அடிக்குச் சுருக்கி மினி சிம்மன்ஸ் என்று பேர் வைத்தார்கள்.

அதே சான் டியேகோவில் 1967-ல் ஸ்டீவ் லிஸ் என்ற பையன் மண்டியிட்டு ஓட்டுவதற்காக ஒரு குட்டைப் பலகை செய்தான். மீன்வால் மாதிரிப் பிளந்த வால், அதன் இரு பக்கமும் நீளமான அடியுள்ள இரண்டு மர ஃபின். பேரே ஃபிஷ். நின்று ஓட்டுகிறவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். 1972-ல் அதே ஊரில் நடந்த உலகப் போட்டியில் முதல் இரண்டு இடம் பிடித்த ஜிம் ப்ளியர்ஸ், டேவிட் நூஹிவா இருவரும் ஓட்டியது ஃபிஷ். 1976-ல் ஹவாயின் ரெனோ அபெலிரா இந்த மாதிரி ஒரு குட்டைப் பலகையோடு ஆஸ்திரேலியா போனதைப் பார்த்துத்தான் மார்க் ரிச்சர்ட்ஸ் தன் இரட்டை ஃபின் பலகையை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டம். அப்புறம் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின்னோடு வந்து 1981-ல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச்சில் பெரிய அலையில் ஜெயித்துக் காட்டினார், எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பலகைகளும் ஒடுங்கின, மெலிந்தன. நான் வாங்கிய ஆறடி இரண்டு அங்குலம் அந்த வம்சத்தின் பேரன்.

பெரிய அலையில் ஜெயித்தது எல்லா அலைக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. நாமாகக் கேட்டுக்கொண்டதுதான்.

இரண்டாவது பலகைக்கு வருகிறேன். இந்த முறை முதலில் கடலை அளந்தேன். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தினமும் வெளியிடுகிற அலை முன்னறிவிப்பை இரண்டு மாதம் ஒரு நோட்டில் குறித்துவைத்து, பக்கத்திலேயே நான் பார்த்ததையும் எழுதினேன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நமக்கு வருவது தெற்கே தொலைவில் எழும்பி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வருகிற தளர்ந்த அலை. கரைக்கு வரும்போது ஒரே நீளமாக எழுந்து, கொஞ்ச நேரமே சுவர் காட்டி, சட்டென்று மணல் திட்டில் சரியும். என் பலகைக்கு வேலை இதுதான்: முதல் இரண்டு துழாவலில் ஏறிவிட வேண்டும், நடுவில் அலை செத்துப்போகிற பத்தடியை வேகம் குறையாமல் கடக்க வேண்டும். மற்றதெல்லாம் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

நீளம் ஐந்தடி நான்கு அங்குலம். அகலம் இருபத்தொன்றரை. தடிமன் இரண்டரை, முதல் பலகையைவிட அரை அங்குலம் குறைவு. கன அளவு முப்பத்து நான்கு லிட்டர் சுமார். ஆக, மிதப்பில் ஆறு லிட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். மூக்கின் வளைவு மூன்றே முக்கால், வாலில் ஒன்றரை. நடுவில் மூன்றடிக்கு ஏறத்தாழ நேர்கோடு. மூக்கிலிருந்து ஒரு அடி உள்ளே அகலம் பதினேழு அங்குலம். அதாவது மூக்கு என்று ஒன்றே கிடையாது, அரைவட்டமாக முடிகிறது. வாலிலிருந்து ஒரு அடி உள்ளே பதினாறரை.

ஓரக்கோட்டை வரைவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மூங்கில் பட்டை ஒன்றைச் சீவி, ஆணிகளுக்கு நடுவே வளைத்துப் ப்ளைவுட்டில் பென்சிலால் இழுத்தேன். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் கோடு பார்க்க அசிங்கமாக இருந்தது. தெருவில் இருக்கிற ஆசாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இடுப்புகிட்ட ஒரு நூல் உள்ள போகுது சார்" என்றார். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. நான் அளந்தபோது தெரியாத ஒரு நூல், அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது தெரிந்தது. ஓர் ஆணியைப் பிடுங்கி நகர்த்தினோம். பட்டை தானாக மூச்சு விட்டதுபோல நேரானது.

அகலமான வாலுக்கு ஒரு விலை உண்டு. பலகையைச் சாய்த்துத் திருப்ப முடியாது, மேஜை மாதிரி நிற்கும். மீன்வால் பிளவு அங்கேதான் உதவுகிறது. நேராகப் போகும்போது முழு அகலமும் வேலை செய்யும். ஒரு பக்கம் சாய்த்தால் தண்ணீரில் இறங்குவது ஒரு நுனி மட்டும், ஒடுக்கமான வால் மாதிரி. நுனிக்கு நுனி பத்து அங்குலம், பிளவின் ஆழம் நாலரை வைத்தேன். வாலின் கடைசி ஒன்றரை அடியில் அடிப்பக்கம் நடுவே மிக லேசாகக் கூரை முகடு மாதிரி உயர்த்தினேன், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருள வசதியாக. ஓரத்தை மெலிதாக்கி, நடுமுதுகில் மட்டும் தடிமனை விட்டேன். தேங்காய் துள்ளல் போக வேண்டுமே.

ஓரத்தின் அடி விளிம்பைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் இரண்டு விதமான எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. ஒன்றின் வாய் வெளிப்பக்கம் மடக்கிக் கூராக இருக்கும், டபராவோடு வருகிற காபி டம்ளர். இன்னொன்றின் வாய் உருண்டையாக இருக்கும். முதலாவதில் ஆற்றினால் காபி கயிறு மாதிரி இறங்கும். இரண்டாவதில் ஊற்றினால் பாதி டம்ளரின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வழிந்து முழங்கைக்கு வரும். உருண்ட பரப்பைத் தண்ணீர் விடாது, கட்டிப்பிடித்துக்கொள்ளும். கூர் விளிம்பில் அதற்குப் பிடிமானம் இல்லை, விட்டுவிடும். பலகையின் முன்பாதி ஓரத்தை உருண்டையாக வைத்தால் அலைச்சுவரோடு ஒட்டி நிற்கும். பின்பாதியில் தண்ணீர் ஒட்டினால் அது பிரேக். அதனால் ஃபின்னுக்கு ஓரடி முன்னாலிருந்து வால் வரை அடி விளிம்பைக் காபி டம்ளர் ஆக்கினேன். உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, விரல் நகம் மாட்டுகிற அளவுக்கு.

ரெசின் ஊற்றிய நாளில் சென்னை வெயில் தன் பங்கைக் கேட்டது. முதல் கலவையைக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன். எபாக்சி இறுகும்போது தானே சூடாகும். குவியலாக இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். கோப்பையிலிருந்து புகை வந்தது, பிளாஸ்டிக் நெளிந்தது. அடுத்த கலவையைக் கலந்த உடனே பலகைமேல் ஊற்றிப் பரப்பிவிட்டேன். இன்னொரு விஷயம்: தெர்மோகோலுக்குள் காற்று இருக்கிறது. காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து, இறுகாத ரெசின் வழியாகக் குமிழ் குமிழாக வெளியே வரும். முதல் பலகை அம்மை போட்ட மாதிரி ஆனதற்குக் காரணம் அதுதான். இந்த முறை மாலை ஐந்துக்கு மேல், சூடு இறங்குகிற நேரத்தில் ஊற்றினேன். காற்று சுருங்கும்போது ரெசினை உள்ளேதான் இழுக்கும்.

ஃபின் இரண்டும் மரைன் ப்ளைவுட். அடி நீளம் எட்டே முக்கால், உயரம் ஐந்து. இழைக்க இழைக்கப் ப்ளைவுட்டின் அடுக்குகள் நில வரைபடத்துக் கோடுகள் மாதிரி வெளியே வந்தன. இரண்டு ஃபின்னிலும் கோடுகள் ஒரே மாதிரி இருந்தால் வளைவும் ஒரே மாதிரி. இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. ஓரத்தை ஒட்டி வைத்து, முன்முனையை ஒரு நூல் உள்பக்கம் திருப்பி ஒட்டினேன்.

கடலுக்கு எடுத்துப்போன அன்று அலை வழக்கத்தைவிடச் சின்னது. பட்டறைக்கார அண்ணன் பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். "அணியத்த காணோமே!" என்றார். "நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க" என்றேன். "அதுக்குன்னு அறுத்தே எடுத்துட்டியா?"

துழாவும்போது முதல் பலகையின் சுகம் இல்லை. குட்டை என்பதால் மூக்கு இடமும் வலமும் ஆடியது, தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. மனசுக்குள் ஒரு கலக்கம். அலை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாவது துழாவலில் பலகைக்கு அடியில் சத்தம் மாறியது. களக் களக் என்று இருந்தது போய், துணி கிழிகிற மாதிரி ஒரு சீறல். எழுந்து நின்றபோது நான் கொஞ்சம் பிந்திவிட்டேன். பலகை எனக்கு முன்னாலேயே கிளம்பியிருந்தது. அலை நடுவில் செத்தது. பழைய பலகையில் இங்கேதான் முழங்காலை மடக்கி நீட்டி, தையல் மெஷின் மிதிப்பதுபோல ஏதேதோ செய்வேன். இதில் சும்மா நின்றேன். தட்டையான தண்ணீர்மேல் பலகை தானாக ஓடி, உள்ளே மறுபடி எழுந்த அலையைப் பிடித்துக்கொண்டது. முழங்கால் உயர அலை. கரையில் இறங்கியபோது என் கை நடுங்கியதை இங்கே எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அக்டோபர் முடிகிறவரை வேறு பலகையைத் தொடவில்லை.

நவம்பரில் வாடைக்காற்றுக் காலம். வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, இரண்டு நாள் கழித்து அலை தலைக்கு மேலே வந்தது. இதையே எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். செங்குத்துச் சுவரில் இறங்கும்போதே அந்த அகலமான வாலைத் தண்ணீர் தூக்கிவிட்டது. ஓரத்தை அழுத்தினேன், அது பிடிக்கவில்லை. ஈரத் தரையில் ரப்பர் செருப்பு வழுக்குவதுபோலப் பலகை பக்கவாட்டில் நழுவியது. அடுத்த அலையில் மூக்கு குத்தியது. தூக்காத அணியம் அல்லவா. வாயிலும் மூக்கிலும் மணலோடு கரைக்கு வந்து, வீட்டுக்குப் போய், பரணிலிருந்த ஆறடி இரண்டு அங்குலத்தை இறக்கித் தூசி தட்டினேன். அந்த வாரம் முழுக்க அது தங்கமாக ஓடியது.

போன மாதம் அந்த ஐஸ் பெட்டி மூடிப் பையன் என்னிடம் வந்தான். கொஞ்சம் வளர்ந்திருக்கிறான். "அண்ணா, இது கேரம் போர்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பலகையை எடுத்துக்கொண்டு போனான். முக்கால் மணி நேரம் திருப்பித் தரவில்லை. அவன் ஓட்டியதைப் பார்த்தபோதுதான் இந்தப் பலகைக்குள் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. வந்ததும், "வலப்பக்கம் திருப்பறப்ப வால் இழுக்குதுண்ணா" என்றான். வீட்டுக்கு வந்து நூல் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்க ஃபின் அரை நூல் கோணல்.

அவனுக்கு ஒன்று செய்துதரச் சொன்னான். மாடியில் நிற்கவைத்து டேப் பிடித்தேன்; எடை முப்பத்தொரு கிலோ. மிச்சம் கிடக்கிற தெர்மோகோல் துண்டு நாலடி நான்கு அங்குலம், அகலம் இருபது வரும், தடிமன் ஒன்றே முக்கால் போதும். பதிலுக்கு அந்த ஐஸ் பெட்டி மூடியைக் கொடு, அடி வளைவை அளந்துவிட்டுத் தருகிறேன் என்றேன். யோசித்தான். அதெல்லாம் தர முடியாதாம். வேண்டுமானால் கடலுக்கு வந்து, அவன் பிடித்துக்கொண்டிருக்கும்போது அளந்துகொள்ளலாமாம்.